பிளாஸ்டர் ஒட்டிய கற்கள்

சின்ன மாமா வேலைக்குப் போய்த் திரும்பி வந்தால் எங்கள் குளியலறை வாளியில் தண்ணீர் சிவக்கும். அவருடைய சேட்டுகளையும் காற்சட்டைகளையும் அம்மா ஊறவைத்து அலசும்போது முதல் தண்ணீர் செங்கல் நிறத்தில் வரும், இரண்டாம் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் வரும், மூன்றாவதுதான் தண்ணீராக வரும். கொழும்பு வெள்ளவத்தையில், அதுவும் மூன்றாம் மாடியில், குழாய்த் தண்ணீர் விடியற்காலையில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. ஆகவே அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் தோய்ப்பார்.

"இவன் அங்க உத்தியோகம் பாக்கிறானோ, வயல் உழுகிறானோ தெரியேல்லை."

எனக்கு அந்தச் சிவப்புத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கும். அம்மா அதை ஊற்றுவதற்கு முன் ஒருமுறை கையை விட்டுக் கலக்கிப் பார்ப்பேன். அடிவாங்கியும் இருக்கிறேன்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. புவிச்சரிதவியல் படித்துவிட்டு அரசாங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, எங்களோடு தங்கியிருந்தார். அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் நாங்கள் அவர் வேலைசெய்த இடத்தைக் கல்லுக் கந்தோர் என்போம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்த அப்பாவிடம் யாராவது மச்சான் என்ன செய்கிறார் என்று கேட்டால், "அரசாங்கத்துக்குக் கல்லுடைக்கிறார்" என்பார். ஜெயிலில் இருக்கிறாராக்கும் என்று எண்ணிப் பேச்சை மாற்றியவர்களும் உண்டு.

அப்பா சொன்னது பொய்யுமல்ல. இந்தத் தீவின் மண்ணுக்குக் கீழே எங்கே என்ன இருக்கிறது என்று அரசாங்கம் அறிய விரும்பியது. எங்கே பென்சில் கரி, எங்கே சுண்ணாம்புக்கல், எங்கே ஓட்டுக்கு ஆகிற களி. அதற்காக நாட்டின் வரைபடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஆளுக்கொரு சதுரத்தைக் கொடுத்திருந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்ததால் அங்கே ஒருவரும் போவதில்லை. மாமாவின் சதுரம் தெற்கே, காடும் சேனையும் குளமுமான ஒரு பகுதி. ஓடைகளின் வழியே நடந்துபோக வேண்டும். ஓடையில்தான் மண் அரித்துப் பாறை வெளியே தெரியும். சுத்தியலால் ஒரு கைப்பிடி அளவு உடைத்து எடுக்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, உடைத்த பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பார் மாமா. பிறகு அந்தக் கல்லில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி, அதில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் எழுதுவார். எந்த ஓடை, எந்த வளைவு என்பது அந்த எண்ணில் இருக்கிறது.

எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. அந்தக் கற்கள் எல்லாம் ஓடி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன்.

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. கல்லை நக்கிப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் நிறம் தெளிவாகத் தெரியுமாம். அம்மா அதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார். "படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது?" நானும் ஒருநாள் பல்கனியில் கிடந்த கல்லொன்றை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. கல்லுக்குள் உப்பு இருக்கிறது என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். அது கல்லின் உப்பல்ல, நம்முடைய கடற்காற்றின் உப்பு என்று அவர் சிரிக்காமல் விளங்கப்படுத்தினார்.

ஒருமுறை பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முதல்நாள் மாமா வந்து இறங்கினார். கந்தோர் பூட்டியிருந்ததால் ஜீப்காரர் அவரையும் அவருடைய கன்வஸ் பையையும் எங்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தை மட்டும் மாமா ஜீப்பிலேயே விட்டுவிடுவது வழக்கம். காலி வீதியில் வரைபடமும் கையுமாகத் திரிகிற தமிழனுக்கு என்ன நடக்கும் என்பது எனக்கே தெரியும். அந்தப் பை நிறையக் கல். அந்தப் பருவம் முழுக்க அலைந்து எடுத்ததாம். சதுரம் முடிகிற தறுவாயில் இருக்கிறது, இந்தக் கற்களைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்துவிட்டால் படத்தை வரைந்துவிடலாம், படத்தின் மூலையில் தன்னுடைய பெயர் அச்சில் வரும் என்று மாமா இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். அம்மா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். "பேர் அச்சில வாற அண்டைக்குக் கோயிலில அர்ச்சனை செய்யவேணும்" என்றார்.

அடுத்தநாள் காலை மாமா நகரின் மறுமுனையில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் வேலைசெய்த பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவர் அங்கே இருந்தார். மாமா புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் கீழ்மாடி முஸ்லிம் அன்ரி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"கடல்பக்க ஒழுங்கைல ஆமி செக்கிங் தொடங்கிட்டாங்க. ஒங்கட ஐசி, பொலிஸ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வைங்க."

ஐசி என்றால் அடையாள அட்டை. பொலிஸ் பேப்பர் என்றால், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த தாள். அப்பா இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். அப்பாவைப் பொறுத்தவரை ஆயத்தம் முடிந்துவிட்டது.

அம்மாவுக்கு முடியவில்லை. போன மாதம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு டியூஷன் வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். அவருடைய கொப்பியில் வரிசை வரிசையாக எண்கள் இருந்தனவாம். கணித வாத்தியாரின் கொப்பியில் வேறென்ன இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற காலமும் அதுவல்ல. அவர் திரும்பி வந்தபோது ஒரு காதால் மட்டும்தான் கேட்டார்.

அம்மா மாமாவின் திசைகாட்டியை அரிசி வாளிக்குள் புதைத்தார். சுத்தியலைத் தேங்காய் துருவுகிற திருவலைக்குப் பின்னால் வைத்தார். பிறகு கன்வஸ் பையைத் திறந்தார். ஒவ்வொரு கல்லிலும் ஓர் எழுத்து, ஓர் எண். அதை எந்த ஆமிக்காரன் பார்த்தாலும் என்ன நினைப்பான் என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பையைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய், ஒன்றுவிடாமல் பிளாஸ்டரை உரித்தார். ஒட்டியிருந்த பசையையும் சவர்க்காரம் போட்டுத் தும்பால் தேய்த்தார். சேமித்து வைத்த தண்ணீர் முழுவதும் அதற்கே போயிற்று. உரித்த பிளாஸ்டர்களை அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். கழுவிய கற்களை நானும் அம்மாவும் பல்கனிக்குக் கொண்டுபோய், கறிவேப்பிலைச் சாடியையும் ரோசாச் சாடிகளையும் சுற்றி அடுக்கினோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

வந்தார்கள். ஐசிகளைப் பார்த்தார்கள். கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். ஒருவன் பல்கனிக்கு வந்து கடலைப் பார்த்தான். கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. போய்விட்டார்கள்.

அம்மா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார்.

மாமா பின்னேரம் வந்தார். பையைத் தேடினார். அம்மா அவரைக் கையைப் பிடித்துப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அம்மாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

"ஒரு எழுத்துக்கூட இல்லாமத் தேய்ச்சுப் போட்டன் தம்பி. அவங்கள் திரும்பியும் பாக்கேல்லை."

மாமா குந்தியிருந்து ஒரு கல்லை எடுத்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். அதையும் திருப்பினார். அவருடைய காது சிவந்திருந்தது. அப்பாவுக்குத்தான் முதலில் ஏதோ விளங்கியது.

"உம்மட கல்லெல்லாம் இருக்குத்தானே?" என்று கேட்டார்.

"கல் இருக்கு அத்தான். எது எங்க எடுத்தது எண்டுதான் தெரியாது."

"பாத்துச் சொல்லேலாதோ?"

"சிலதைச் சொல்லலாம். மற்றதெல்லாம் ஒரே கறுப்பு வெள்ளைக் கோடு. நம்பர் இல்லாத கல்லு ஐசி இல்லாத ஆள் மாதிரி அத்தான். ஆர், எவடம் எண்டு கேட்டா அது என்னத்தைச் சொல்லும்?"

அவர் அதை அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. ஐசியை வைத்து ஒன்றை விளங்கப்படுத்தினால் அந்தக் காலத்துக் கொழும்பில் விளங்காத தமிழர் இல்லை. வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழியை உடைத்தது தன்னுடைய கைதான் என்று அம்மா பல்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா அன்றிரவும் அடுத்த சில இரவுகளும் கற்களைக் கூடத்தில் பரப்பி வைத்து, குறிப்பேட்டையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நக்கி நக்கிப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து கற்களுக்குத்தான் எண் திரும்பக் கிடைத்தது. தெரியாததற்கு மாமா ஊகித்து எண் போடவில்லை. அப்பா அப்படிச் செய்யச் சொல்லிப் பார்த்தார். மாமா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மிச்சக் கற்களை அவரே கொண்டுபோய்ச் சாடிகளைச் சுற்றி வைத்தார்.

அம்மா சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். எங்களுக்குப் போட்டுவிட்டு, பிறகு சாப்பிடுகிறேன் என்பார். பிறகு சாப்பிட்டதை நான் காணவில்லை. மாமாவின் மேலதிகாரியிடம் தானே போய், பிழை தன்னுடையது என்று சொல்லப்போவதாக ஒருநாள் வெளிக்கிட்டு நின்றார். அவருக்குத் தெரிந்த சிங்களம் காய்கறிக் கடைக்குத்தான் காணும். அப்பா ஒருவாறு மறித்து உட்கார வைத்தார். அப்போதுதான் அம்மா மாமாவிடம் கேட்டார்.

"திரும்பப் போய் எடுக்கேலாதோ தம்பி?"

மாமா அம்மாவின் மெலிந்த முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஓம் அக்கா, அதுக்கென்ன, போய் எடுக்கலாம். அடுத்த கிழமை கேட்டுக்கொண்டு போறன். நீங்கள் முதல்ல சாப்பிடுங்கோ" என்றார்.

அன்று அம்மா சாப்பிட்டார். எனக்கும் பெரிய ஆறுதல். மாமா சொன்னபடியே அடுத்த கிழமை சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், சுத்தியல், கன்வஸ் பை எல்லாவற்றோடும் வெளிக்கிட்டார். ஜீப் வாசலுக்கு வரவில்லை. காலி வீதியில் நிற்கிறது என்றார். எனக்கு ஒரு சிவப்புக் கல் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு திரும்பி வந்தபோது வழமைபோல் கறுத்து மெலிந்து வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்திருந்தது.

"இந்த முறை நல்ல சாப்பாடு போல" என்றார் அம்மா.

"புதுச் சமையல்காரன்" என்றார் மாமா.

பை நிறையக் கல் இருந்தது. ஒவ்வொன்றிலும் புதுப் பிளாஸ்டர், மாமாவின் சரிந்த கையெழுத்தில் எழுத்தும் எண்ணும். மாமா அவற்றைக் கூடத்தில் வரிசையாக அடுக்கி அம்மாவுக்குக் காட்டினார். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றையும் தொடவில்லை. "எல்லாம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். "வந்திட்டுது" என்றார் மாமா. அம்மா தேங்காய் துருவப் போய்விட்டார்.

நான் என்னுடைய சிவப்புக் கல்லைத் தேடினேன். அது இருக்கவில்லை. கிளறிய கையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. ஒரு கல்லின் பக்கத்தில் கெட்டியாக எண்ணெய் அழுக்கு. எனக்கு அந்த அழுக்கை நன்றாகத் தெரியும். கடற்கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்கும்போதெல்லாம் தண்டவாளத்துக்கு இடையில் கொட்டியிருக்கும் கற்களில் இருந்து அது என் சட்டையில் ஒட்டும், அதற்காக நான் ஏச்சு வாங்குவேன்.

"அங்கயும் ரயில் ஓடுதோ மாமா?" என்று கேட்டேன்.

மாமா அந்தக் கல்லை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஓம் குட்டி," என்றார். "ஓடுது."

குசினியில் திருவலைச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

அடுத்தநாள் காலையில் அம்மா மாமாவின் உடுப்புகளைத் தோய்த்தார். சிவப்புத் தண்ணீர் பார்க்கலாம் என்று ஓடிப்போனேன். நுரைதான் இருந்தது. தண்ணீர் வெறும் தண்ணீராகக் கிடந்தது. அம்மா சேட்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் சிவக்கவில்லை என்று கேட்டேன். "அங்க மழையாக்கும்" என்றார். ஒரே அலசலில் வேலை முடிந்தது, அம்மா முணுமுணுக்கவும் இல்லை.

கந்தோரில் வைக்க இடமில்லை, மெல்ல மெல்லக் கொண்டுபோகிறேன் என்று மாமா பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார். அது அங்கேயே கிடந்தது. சில மாதத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம், மாமா வேலையால் வர முன்னம் மறுபடியும் செக்கிங். இந்த முறை அம்மா எதையும் ஒளிக்கவில்லை, எதையும் கழுவவில்லை. பையைக் கூடத்துக்கு இழுத்துவந்து, அதன் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தவர்களில் ஒருவன் மீசை சரியாக அரும்பாத பொடியன். பையைத் திறந்து ஒரு கல்லை எடுத்தான். எண்ணைப் பார்த்தான். பிளாஸ்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க நினைத்தானோ என்னவோ, அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினான்.

அம்மா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"எப்பா மாத்தயா" என்றார். வேண்டாம் ஐயா. "ஆண்டுவே கல். மகே மல்லிகே." அரசாங்கக் கல். என் தம்பியுடையது. காய்கறிக் கடைச் சிங்களத்தில் அதற்குமேல் இருக்கவில்லை.

வாசலில் நின்றவன் துவக்கோடு திரும்பினான். அப்பா எழுந்து நின்றார். காய்ச்சலுக்கு ஊசி போட வந்தாலே கண்ணை மூடுகிற அம்மா, அந்தப் பொடியனின் கையை விடவில்லை. அவன் அம்மாவின் கையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், வாசலில் நின்றவனைப் பார்த்தான். "ஆண்டுவே கல் லு" என்று அவனுக்குச் சொன்னான். அரசாங்கக் கல்லாம். இருவரும் சிரித்தார்கள். கிளப்பிய பிளாஸ்டர் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, கல்லைப் பைக்குள் வைத்துவிட்டுப் போனான். பிறகு அம்மா தேத்தண்ணீர் ஊற்றியபோது பாதி தட்டில் கொட்டியது.

அப்பா அன்றிரவு மாமாவிடம் இதைச் சொன்னபோது, நன்றாக இருந்த மனிதர் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். தம்பியின் கல்லை அக்கா காப்பாற்றியிருக்கிறார், அதற்குச் சந்தோஷப்படாமல் எழுந்து போவானேன் என்று நான் நினைத்தேன். அவருடைய மீன் துண்டை நான் சாப்பிட்டேன்.

யுத்தமெல்லாம் முடிந்து, மாமா ஓய்வுபெற்றுத் தெஹிவளையில் இருந்தபோது ஒருநாள் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் போயாவுக்கு முன்பே தெற்கில் ஒரு குளக்கட்டில் கல்லுடைத்துக்கொண்டிருந்தவரை ஊர்க்காரர்கள் பொலிஸில் கொடுத்துவிட்டார்களாம். ஒரு பகல் முழுக்க வைத்து விசாரித்திருக்கிறார்கள். மேலதிகாரி நல்ல மனிதர். நல்லதுக்குத்தான் சொல்கிறேன், இனி நீ வெளியே போகவேண்டாம், படம் வரைகிற அறையிலேயே இரு என்று சொல்லிவிட்டார். அம்மா கழுவிய கற்கள்தான் மாமா கடைசியாக எடுத்த கற்கள். திரும்பப் போக வழியே இருக்கவில்லை. அந்தச் சதுரத்தைப் பிறகு வேறொருவர் முடித்தார். படத்தின் மூலையில் அவருடைய பெயர்தான் அச்சாகியது. மாமா அதைச் சொன்னபோதும் சிரித்தார். எனக்குத்தான் கோபம் வந்தது.

அப்படியானால் அந்த இரண்டு மூன்று கிழமை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். கொட்டாஞ்சேனையில், கூட்டாளி வீட்டில். கூட்டாளியின் தாயார் மீன் குழம்பு நன்றாக வைப்பாராம். அங்கிருந்து தினமும் கந்தோருக்குப் போய்வந்திருக்கிறார். வருகிற வழியில் ரயில் பாதையோரம் ஒன்றும் இரண்டுமாகக் கல் பொறுக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் தண்டவாளத்தில் குனிந்து நின்றால் அவனுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் மறித்தால் கல்லுக் கந்தோர் அட்டையைக் காட்டலாம் என்று இருந்தாராம். அம்மா ஆமிக்காரனிடம் சொன்னதிலும் பொய் இல்லை. ரயில் பாதையும் அரசாங்கத்துடையதுதானே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"சேட்டைத் தோய்க்கேக்கையே. ஒரு சொட்டு மண் இல்லையே பிள்ளை."

எனக்கு அந்தப் பொடியனின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. "அப்ப ஏன் ஆமிக்காரன்ர கையைப் பிடிச்சனீங்கள்? அது சும்மா ரயில் கல்லுத்தானே?"

அம்மா கையிலிருந்த பயற்றங்காயை முறித்து முடித்தார்.

"அதிலயும் அவன்ர எழுத்துத்தானே இருந்தது" என்றார். "ஒருக்கா உரிச்சது போதும்."

ஒருவரை ஒருவர் சாப்பிட வைப்பதற்காக இரண்டு பெரியவர்கள் ஒரு பை ரயில் கல்லைக் கட்டிலுக்குக் கீழே அத்தனை மாதம் பத்திரமாக வைத்திருந்தார்கள். நாலாம் வகுப்பில் எனக்கு விளங்கியதெல்லாம், மாமா போகிற இடத்திலும் ரயில் ஓடுகிறது என்பது மட்டும்தான்.